பேஸ் கிளாஸுக்குள் எதை ஏற்றுவது, எதைக் கீழேயே விடுவது

வங்கி ஸ்டேட்மென்ட்டைப் படித்துக் கணக்கில் ஏற்றும் மூன்று கிளாஸ்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் வங்கி சிஎஸ்வி ஃபைல் தருகிறது. இரண்டாவது எக்செல் தருகிறது. மூன்றாவது, ஒவ்வொரு பத்திக்கும் இத்தனை எழுத்து அகலம் என்று கணக்கு வைத்து எழுதும் பழைய பாணி டெக்ஸ்ட் ஃபைல். முதல் கிளாஸ் யோசித்து எழுதப்பட்டது. இரண்டாவது அதைக் காப்பி எடுத்து மாற்றியது. மூன்றாவது, அந்தக் காப்பியைக் காப்பி எடுத்தது. ஒவ்வொன்றும் 300 வரி, அதில் 200 வரி பார்வைக்கு ஒரே மாதிரி. தேதியில் ஒரு பிழை வந்தால் மூன்று இடத்தில் திருத்த வேண்டும். இரண்டில் திருத்திவிட்டு மூன்றாவதை மறந்துபோவதுதான் பெரும்பாலும் நடக்கும்.

இந்த நிலையில் எல்லோருக்கும் தோன்றுவது ஒன்றே: பொதுவானதையெல்லாம் மேலே ஒரு பேஸ் கிளாஸில், அதாவது மற்ற கிளாஸ்கள் இறங்கிவரும் பெற்றோர் கிளாஸில், போட்டுவிடலாம். யோசனை சரிதான். ஆனால் இந்த வேலையில் கெட்டுப்போகும் நிரல்களை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் மேலே ஏற்றக்கூடாத ஒன்றை ஏற்றியதால் கெட்டிருக்கும். ஏற்றாமல் விட்டதைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றிவிட்டதைக் கீழே இறக்குவது பெரும்பாடு. அதற்குள் அதிலிருந்து இறங்கிய பத்து கிளாஸ்கள், அதாவது சப்கிளாஸ்கள், அதை நம்பி வாழ ஆரம்பித்திருக்கும்.

இது பழைய வேலை. கிளாஸ், சப்கிளாஸ் என்ற அமைப்பே ஆஸ்லோவில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகோர்டும் உருவாக்கிய சிமுலா 67 மொழியிலிருந்து வருகிறது. ஒத்த கிளாஸ்களிலிருந்து பொதுவான அப்ஸ்ட்ராக்ட் கிளாஸை (சில மெத்தட்களைச் சப்கிளாஸ் நிரப்பட்டும் என்று விட்டுவைக்கும் கிளாஸை) பிரித்தெடுப்பதை முறையான படிகளாக வகுத்தவர்களில் முக்கியமானவர் வில்லியம் ஓப்டைக். ரீஃபேக்டரிங் (நடத்தையை மாற்றாமல் நிரலின் அமைப்பைச் சீர்செய்வது) பற்றி இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1992-இல் அவர் அளித்த ஆய்வேட்டிலேயே இது வருகிறது. அடுத்த ஆண்டு ரால்ஃப் ஜான்சனோடு சேர்ந்து இதைப் பற்றி மட்டுமே ஒரு கட்டுரையும் எழுதினார். இன்று நிரல் எழுதும் கருவிகளான இன்டெலிஜேயிலும் எக்லிப்ஸிலும் மெனுவைச் சொடுக்கினால் பேஸ் கிளாஸ் பிறந்துவிடுகிறது. அந்தச் சொடுக்குக்கு முன்னால் செய்யவேண்டிய வேலையைத்தான் மெனு செய்து தராது.

பார்க்க ஒன்று, உள்ளே வேறு

மூன்று கிளாஸிலும் 'தொகையைப் படி' என்று ஒரு மெத்தட் இருக்கிறது. ஏறக்குறைய 15 வரி, அதில் 12 வரி பார்வைக்கு ஒன்றேதான். ஏற்றிவிடலாம் போலத் தோன்றும். நிதானமாகப் படித்துப் பாருங்கள்.

முதல் வங்கியில் பற்று ஒரு பத்தி, வரவு ஒரு பத்தி. எது காலியாக இல்லையோ அதை எடுத்து, பற்று என்றால் மைனஸ் போடுகிறது. இரண்டாவதில் ஒரே பத்தி, எண்ணிலேயே மைனஸ் குறி வருகிறது. மூன்றாவதிலும் ஒரே பத்திதான். ஆனால் '1,25,000.00 டிஆர்' என்று பற்றைக் குறிக்கும் இரண்டெழுத்து கடைசியில் ஒட்டியிருக்கும். ஆக, பொதுவாக இருப்பது கமாவை நீக்குவது, முன்பின் இடைவெளியை வெட்டுவது, தசம எண்ணாக மாற்றுவது ஆகிய மூன்று செயல்கள் மட்டுமே. குறியைத் தீர்மானிப்பது ஒவ்வொரு வங்கியின் சொந்த விஷயம். மேலே போகவேண்டியது 'எழுத்தை எண்ணாக்கு' என்ற ஐந்து வரி மெத்தட். குறியைத் தீர்மானிக்கும் பகுதி கீழேயே இருக்கட்டும். 12 வரியையும் ஏற்றிவிட்டு, வங்கியின் வகை என்ன என்று கேட்கும் ஒரு 'இஃப்' போட்டால், பேஸ் கிளாஸுக்குத் தன் பிள்ளைகளின் பெயரெல்லாம் தெரியவேண்டி வரும். நான்காவது வங்கி வரும் நாளில் பேஸ் கிளாஸையே திறந்து திருத்த வேண்டியிருக்கும்.

அதே 15 வரியில் இன்னொன்று ஒளிந்திருக்கிறது. முதல் கிளாஸ் தொகையை டபுள் வகையில் வைக்கிறது. மற்ற இரண்டும் தசம எண்ணைத் துல்லியமாக வைக்கும் பிக்டெசிமலில் வைக்கின்றன. டபுளில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது, காசுக் கணக்கு எங்கோ ஓரிடத்தில் பிசகும். இது பிழை, திருத்தத்தான் வேண்டும். ஆனால் பேஸ் கிளாஸுக்கு மாற்றும் கமிட்டில் (ஒரே தொகுப்பாகச் சேமிக்கும் மாற்றத்தில்) இதையும் சேர்த்துத் திருத்தாதீர்கள். முதலில் பிழைத் திருத்தம் தனி கமிட், அதன் பிறகு ஒன்றாக்குவது தனி கமிட். இரண்டையும் கலந்துவிட்டால், வெளியீடு மாறியதற்குக் காரணம் திருத்தமா, ஒன்றாக்கும்போது நுழைந்த தவறா என்று யாராலும் சொல்ல முடியாது.

மீதித் தொகையைச் சரிபார்க்கும் மெத்தட் இதைவிட நல்ல உதாரணம். முந்தைய வரியின் மீதியோடு இந்த வரியின் தொகையைக் கூட்டினால் இந்த வரியின் மீதி வரவேண்டும். மூன்று கிளாஸிலும் இதே கணக்குதான். ஆனால் முதல் இரண்டு வங்கிகள் பழைய பரிவர்த்தனையை முதலில் போடுகின்றன, மூன்றாவது புதியதை மேலே போடுகிறது. அதனால் மூன்றாவது கிளாஸில் லூப் கீழிருந்து மேலே ஓடுகிறது. மற்ற 20 வரிக்கு நடுவே அந்த ஒரு வரி கண்ணில் படாது. படாமல் ஏற்றிவிட்டால் மூன்றாவது வங்கியின் நல்ல ஃபைலும் தவறான ஃபைல் என்று திருப்பியடிக்கப்படும்.

இதற்கு லூப்பின் திசையைச் சொல்லும் ஒரு பூலியனை (ஆம்/இல்லை மதிப்பை) பேஸ் கிளாஸில் வைப்பவர்கள் உண்டு. வேண்டாம். வித்தியாசம் எங்கே பிறக்கிறதோ அங்கேயே அதைத் தீர்த்துவிடுவது நல்லது. வரிகளைக் கொடுக்கும்போதே பழையது முதலில் என்ற வரிசையில் கொடுக்கவேண்டும் என்று சப்கிளாஸுக்கு விதி வையுங்கள். மூன்றாவது கிளாஸ் தன் பட்டியலைத் திருப்பிப் போட்டுக் கொடுக்கும். அதன் பிறகு மேலே இருக்கும் சரிபார்ப்புக்குத் திசை என்ற ஒன்று இருப்பதே தெரியவேண்டியதில்லை. கடைசியில் பேஸ் கிளாஸ் இப்படி நிற்கும்:

    அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ் ஸ்டேட்மென்ட்வாசிப்பான்
        ஃபைனல் மெத்தட் ஏற்று(ஃபைல்)
            வரிகள் = வரிகளைக்கொடு(ஃபைல்)
            பதிவுகள் = ஒவ்வொரு வரிக்கும் பதிவாக்கு(வரி)
            மீதியைச்சரிபார்(பதிவுகள்)
            இரட்டைப்பதிவைநீக்கு(பதிவுகள்)
            சேமி(பதிவுகள்)
        அப்ஸ்ட்ராக்ட் மெத்தட் வரிகளைக்கொடு(ஃபைல்)
        அப்ஸ்ட்ராக்ட் மெத்தட் பதிவாக்கு(வரி)

சப்கிளாஸ் எழுதவேண்டியவை இரண்டே மெத்தட்கள். 'ஏற்று' ஃபைனலாக, அதாவது சப்கிளாஸ் மாற்றியெழுத முடியாததாக, இருப்பது முக்கியம். படிகளின் வரிசையை எந்தச் சப்கிளாஸும் மாற்றிவிடக்கூடாது.

வேலையின் வரிசை

முதலில் டெஸ்ட். மூன்று வகையிலும் உண்மையான ஃபைல்கள் ஐந்தாறு வீதம் எடுத்துக்கொள்ளுங்கள், கணக்கு எண்களை மறைத்துவிட்டு. இப்போதிருக்கும் நிரல் ஒவ்வொன்றுக்கும் என்ன வெளியீடு தருகிறதோ அதை அப்படியே சேமித்து வையுங்கள். அந்த வெளியீடு சரியா என்று இந்தக் கட்டத்தில் கேட்கவேண்டாம், மாறாமல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. காலி ஃபைல், தலைப்பு மட்டும் இருக்கும் ஃபைல், கடைசி வரியில் மொத்தம் போட்டிருக்கும் ஃபைல் ஆகியவையும் அந்தத் தொகுப்பில் இருக்கட்டும். கிளாஸ்கள் ஒன்றிலிருந்து ஒன்று விலகி நடப்பது பெரும்பாலும் இந்த ஓரங்களில்தான்.

அடுத்தது, ஒன்றாக்குவதற்கு முன்பே ஒன்றுபோல ஆக்குவது. அவசரப்படுகிறவர்கள் தாண்டிப்போவது இந்தப் படியைத்தான். ஒரு கிளாஸில் 'தொகை', இன்னொன்றில் 'மதிப்பு' என்று இருந்தால் ஒரே பெயராக்குங்கள். மெத்தட்கள் ஒரே வரிசையில் அடுக்கப்படட்டும். பெறும் அளவுருக்களும் திருப்பித் தரும் வகையும் பொருந்தட்டும். ஒன்று 'நல்' (மதிப்பு எதுவும் இல்லை என்ற குறி) திருப்பித் தருகிறது, இன்னொன்று எக்ஸெப்ஷன் (பிழை அறிவிப்பு) வீசுகிறது என்றால் இப்போதே ஒரு முடிவுக்கு வாருங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு இரண்டு கிளாஸ்களை டிஃப்பில் (வேறுபடும் வரிகளை வண்ணமிட்டுக் காட்டும் கருவியில்) அருகருகே வைத்துப் பாருங்கள். வண்ணம் குறைந்துகொண்டே வரும். இனி குறைக்க முடியாது என்று நிற்கும் வண்ண வரிகள்தான் உண்மையான வேறுபாடு. எந்த அப்ஸ்ட்ராக்ட் மெத்தட்கள் தேவை என்பதை அந்த டிஃப்பே சொல்லிவிடும், தனியாக வடிவமைக்க வேண்டியிருக்காது.

பிறகு காலியான பேஸ் கிளாஸ் ஒன்றை உருவாக்கி, மூன்றையும் அதிலிருந்து இறங்க வைத்து, டெஸ்ட் ஓட்டி, கமிட் செய்யுங்கள். உள்ளே ஒன்றுமே இல்லாவிட்டாலும் இது ஒரு கமிட்தான். ஏற்கெனவே வேறொரு கிளாஸிலிருந்து இறங்கிய கிளாஸ் ஏதாவது இருந்தால் இந்த இடத்திலேயே தெரிந்துவிடும். ஜாவாவிலும் சி ஷார்ப்பிலும் ஒரு கிளாஸுக்கு ஒரே பெற்றோர்தான்.

அதன் பிறகு ஃபீல்டுகள் (மதிப்பை வைத்திருக்கும் மாறிகள்), அடுத்து கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்டை உருவாக்கும்போது ஓடும் பகுதி), கடைசியாக மெத்தட்கள். மெத்தட்களிலும் வேறு எந்த மெத்தட்டையும் அழைக்காதவை முதலில் போகட்டும். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு: மேலே போகும் மெத்தட் தொடுகின்ற ஃபீல்டும் அழைக்கின்ற மெத்தட்டும் ஏற்கெனவே மேலே இருந்தால்தான் ஒவ்வொரு படியிலும் நிரல் கம்பைல் ஆகும். ஒரு கமிட்டுக்கு ஒரு உறுப்பு போதும். நிதானமாகத் தெரியும், ஆனால் டெஸ்ட் சிவந்தால் இரண்டு நிமிடத்தில் பின்வாங்கிவிடலாம்.

சத்தமில்லாமல் உடைபவை

கம்பைலர் பிடித்துக்கொடுக்கும் தவறுகளைப் பற்றிக் கவலையில்லை. கம்பைல் ஆகி, ஓடி, தவறான விடை தருபவைதான் பேசவேண்டியவை.

ஃபீல்டை மேலே ஏற்றிவிட்டு ஒரு சப்கிளாஸில் மட்டும் பழைய அறிவிப்பை நீக்க மறந்துவிடுகிறோம். ஜாவா இதை அனுமதிக்கும். இப்போது ஒரு ஆப்ஜெக்டுக்குள் ஒரே பெயரில் இரண்டு ஃபீல்டுகள். சப்கிளாஸின் மெத்தட் தன் ஃபீல்டில் எழுதுகிறது, பேஸ் கிளாஸின் மெத்தட் தன்னுடையதைப் படிக்கிறது, அங்கே நல் இருக்கிறது. 'இப்போதுதான் மதிப்பு வைத்தேன், ஏன் காலி?' என்று மணிக்கணக்கில் தேடவைக்கும் பிழை இது.

ஸ்டாட்டிக் ஃபீல்டு, அதாவது ஆப்ஜெக்டுக்கு ஒன்றாக இல்லாமல் கிளாஸுக்கே ஒன்றாக இருக்கும் ஃபீல்டு, அதைவிட ஆபத்து. மூன்று கிளாஸிலும் 'கடைசி வரிசை எண்' என்று தனித்தனி ஸ்டாட்டிக் ஃபீல்டு இருந்தது. மேலே ஏற்றினால் அது மூன்றுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. முதல் வங்கியின் எண்ணுக்கு அடுத்த எண்ணை மூன்றாவது வங்கி எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு கிளாஸையும் தனியாகச் சோதிக்கும் டெஸ்டில் இது தெரியவே தெரியாது, மூன்றையும் ஒரே ஓட்டத்தில் ஓட்டவேண்டும். ஸ்டாட்டிக் சிங்க்ரனைஸ்டு மெத்தட்டுக்கும் (பூட்டு போட்டு ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் மெத்தட்) இதே கதைதான். முன்பு ஒவ்வொரு கிளாஸுக்கும் தனிப் பூட்டு, இப்போது எல்லோருக்கும் ஒரே பூட்டு. விடை மாறாது, ஒருவருக்காக இன்னொருவர் வரிசையில் நிற்பார். பைத்தானில் கிளாஸ் மட்டத்தில் வைத்த லிஸ்டை மேலே ஏற்றினாலும் இதே விளைவு.

கன்ஸ்ட்ரக்டருக்குள்ளிருந்து ஓவர்ரைடு செய்யத்தக்க (சப்கிளாஸ் தன் பதிப்பால் மாற்றக்கூடிய) மெத்தட்டை அழைப்பது இன்னொன்று. பேஸ் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் 'தேதி வடிவம் என்ன?' என்று கேட்கிறது. சப்கிளாஸ் தன் ஃபீல்டில் வைத்திருக்கும் வடிவத்தைத் திருப்பித் தருகிறது. ஜாவாவில் பேஸ் கன்ஸ்ட்ரக்டர் முடிந்த பிறகுதான் சப்கிளாஸின் ஃபீல்டுகளுக்கு மதிப்பு ஏறும், ஆகவே கிடைப்பது நல். சி ஷார்ப்பில் ஃபீல்டுக்குப் பக்கத்திலேயே கொடுத்த ஆரம்ப மதிப்பு முன்பே ஏறிவிடும். ஆனால் சப்கிளாஸின் கன்ஸ்ட்ரக்டருக்குள் வைத்த மதிப்பு ஏறியிருக்காது. சி பிளஸ் பிளஸ்ஸில் அழைப்பு சப்கிளாஸுக்குப் போகவே போகாது, பேஸின் மெத்தட்டே ஓடும். மூன்று மொழி, மூன்று நடத்தை. தேதி வடிவத்தைக் கன்ஸ்ட்ரக்டருக்கு அளவுருவாகக் கொடுத்துவிட்டால் மூன்றிலும் தொல்லையில்லை.

லாக் எழுதுவதையும் பாருங்கள். லாகரை பேஸ் கிளாஸின் பெயரிலேயே உருவாக்கிவிட்டால், எல்லா வங்கியின் செய்திகளும் 'ஸ்டேட்மென்ட்வாசிப்பான்' என்ற ஒரே பெயரில் வரும். பழைய கிளாஸ் பெயரை வைத்து யாராவது எச்சரிக்கை அமைத்திருந்தால் அது அன்றிலிருந்து அடிக்காது. ஆப்ஜெக்டின் உண்மையான கிளாஸைக் கேட்டு லாகரை உருவாக்குங்கள்.

ஜாவா சீரியலைசேஷன் (ஆப்ஜெக்டை பைட்டுகளாக எழுதித் திரும்பப் படிப்பது) பயன்படுத்துபவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. சப்கிளாஸ் சீரியலைசபிள், புதிய பேஸ் கிளாஸுக்கு அந்த அடையாளம் இல்லை என்றால், மேலே ஏற்றிய ஃபீல்டுகள் எழுதப்படவே மாட்டா. திரும்பப் படிக்கும்போது பேஸின் அளவுருவில்லாத கன்ஸ்ட்ரக்டர் ஓடி, அது வைக்கும் மதிப்புதான் வரும். பிழைச்செய்தி எதுவும் வராது. அந்தக் கன்ஸ்ட்ரக்டரும் இல்லையென்றால்தான் எக்ஸெப்ஷன் வரும், அது எவ்வளவோ மேல்.

டேட்டாபேஸோடு ஒட்டிய கிளாஸ்களில் பேஸ் கிளாஸ் என்பது டேபிளையே மாற்றும் முடிவு. பைத்தானின் ஜாங்கோ வலைக் கட்டமைப்பில் பேஸ் மாடலை அப்ஸ்ட்ராக்ட் என்று குறிக்க மறந்தால் அதற்கென்று தனி டேபிள் உருவாகி, ஒவ்வொரு கேள்விக்கும் ஜாயின் சேர்ந்துவிடும். ஜாவா கிளாஸ்களை டேபிள்களோடு இணைக்கும் ஜேபிஏவில் பேஸை 'மேப்டு சூப்பர்கிளாஸ்' ஆக்காமல் என்டிட்டி ஆக்கினால், வேறு ஒன்றும் சொல்லாதவரை எல்லாச் சப்கிளாஸும் ஒரே டேபிளில் போய் உட்காரும். டேபிளை மாற்றும் மைக்ரேஷன் ஃபைலைப் படிக்காமல் அனுப்பாதீர்கள்.

ஜாவாவின் கலெக்‌ஷன்கள் காட்டுவது

பேஸ் கிளாஸை நன்றாகச் செய்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க, 1998-இல் ஜாவா 1.2-ஓடு வந்த கலெக்‌ஷன் நூலகத்தைத் திறந்து படிக்கலாம். ஜோஷுவா ப்ளாக் வடிவமைத்தது. அப்ஸ்ட்ராக்ட்லிஸ்டிலிருந்து இறங்கி, மாற்ற முடியாத ஒரு பட்டியல் செய்ய வேண்டுமா? 'கெட்', 'சைஸ்' என்ற இரண்டு மெத்தட்கள் போதும். தேடுவது, சுற்றிவருவது, ஒப்பிடுவது எல்லாம் அந்த இரண்டின் மேல் கட்டப்பட்டு மேலேயே இருக்கின்றன.

அங்கே எதை ஏற்றவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். லிஸ்டுக்கும் செட்டுக்கும் பொதுவான அப்ஸ்ட்ராக்ட்கலெக்‌ஷனில் 'ஈக்குவல்ஸ்' எழுதப்படவில்லை. அப்ஸ்ட்ராக்ட்லிஸ்டில் ஒன்று, அப்ஸ்ட்ராக்ட்செட்டில் ஒன்று என்று தனித்தனியாக இருக்கிறது. இரண்டும் உறுப்புகளை ஒப்பிடுபவைதான். ஆனால் லிஸ்டுக்கு வரிசை பொருட்டு, செட்டுக்கு அது பொருட்டில்லை. சாயல் இருந்தும் ஒன்றாக்காமல் விட்டது நல்ல தீர்ப்பு.

ஆனால் அதே நூலகத்தில் ஏற்றியதால் வந்த சிக்கலும் இருக்கிறது. 'ரிமூவ்ஆல்' அப்ஸ்ட்ராக்ட்செட்டில் எழுதப்பட்டது. இரண்டு தொகுப்புகளில் எது சிறியதோ அதைச் சுற்றிவந்தால் வேகம் என்பது அதன் கணக்கு. செட்டில் 1,00,000 உறுப்பு, நீக்கவேண்டிய லிஸ்டிலும் 1,00,000 உறுப்பு என்றால், அது செட்டைச் சுற்றிவந்து ஒவ்வொன்றையும் லிஸ்டில் தேடும். லிஸ்டில் தேடுவது முதலிலிருந்து வரிசையாக. எல்லாம் கிடைத்தால்கூட சராசரியாக 50,000 ஒப்பீடு வீதம் 500 கோடி ஒப்பீடு. லிஸ்டைச் சுற்றிவந்து செட்டிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கினால் 1,00,000 நீக்கலோடு வேலை முடிந்திருக்கும். தன்னிடம் வந்த தொகுப்பு எவ்வளவு வேகமாகத் தேடும் என்று பேஸ் கிளாஸுக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் எடுத்த முடிவு எல்லாச் சப்கிளாஸுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

இன்னொன்று, ப்ளாக் தன் 2001 நூலிலேயே எச்சரித்தது. சேர்த்த உறுப்புகளை எண்ணுவதற்காக ஹேஷ்செட்டிலிருந்து ஒரு கிளாஸை இறக்கி, 'ஆட்', 'ஆட்ஆல்' இரண்டையும் ஓவர்ரைடு செய்து இரண்டிலும் எண்ணிக்கையைக் கூட்டினால், மூன்று உறுப்பைச் சேர்த்ததும் எண்ணிக்கை 6 காட்டும். மேலே இருக்கும் 'ஆட்ஆல்' உள்ளுக்குள் 'ஆட்'டை அழைக்கிறது. அது வெளியே தெரியாத விஷயம், ஆனால் சப்கிளாஸின் விடையை மாற்றுகிறது. உங்கள் பேஸ் கிளாஸிலும், ஓவர்ரைடு செய்யத்தக்க எந்த மெத்தட்டை வேறு எந்த மெத்தட் அழைக்கிறது என்பதை மேலே குறிப்பாக எழுதி வையுங்கள். ஓவர்ரைடு செய்யத் தேவையில்லாதவற்றுக்கு ஃபைனல் போடுங்கள்.

நான்காவது வங்கி

மூன்றும் ஒன்றான பிறகு பேஸ் கிளாஸை ஒருமுறை தள்ளி நின்று பாருங்கள். சப்கிளாஸ் ஏதாவது ஒரு மெத்தட்டைக் காலியாக ஓவர்ரைடு செய்கிறதா? 'இது எனக்குப் பொருந்தாது' என்று எக்ஸெப்ஷன் வீசுகிறதா? அப்படியானால் அந்த மெத்தட் மேலே இருக்கக்கூடாது. ஜாவாவின் ஸ்டாக் கிளாஸ் வெக்டரிலிருந்து இறங்கியதால், அடுக்கின் நடுவிலும் உறுப்பைச் செருக முடிகிறது. ப்ராப்பர்ட்டீஸ் ஹேஷ்டேபிளிலிருந்து இறங்கியதால், எழுத்துகள் மட்டுமே இருக்கவேண்டிய இடத்தில் எதையும் போட முடிகிறது, ஃபைலில் சேமிக்கும்போதுதான் உடைகிறது. பழைய நிரல்கள் நம்பியிருப்பதால் இரண்டும் இன்றும் அப்படியே இருக்கின்றன.

இனி நான்காவது வங்கி வருகிறது என்று கொள்வோம். அது சிஎஸ்வியும் தருகிறது, எக்செலும் தருகிறது. எந்தச் சப்கிளாஸின் கீழ் வைப்பது? இரண்டு சப்கிளாஸ் எழுதினால், அந்த வங்கியின் பற்று-வரவு விதி இரண்டு இடத்தில் காப்பியாகும். நாம் ஒழிக்க வந்ததே அந்தக் காப்பியைத்தான். ஃபைல் வடிவம் ஒரு திசையில் மாறுகிறது, வங்கியின் வழக்கம் இன்னொரு திசையில் மாறுகிறது. இன்ஹெரிட்டன்ஸ், அதாவது ஒரு கிளாஸிலிருந்து இன்னொன்று இறங்குவது, ஒரு திசையில்தான் பிரியும்.

இங்கே 'வரிகளைக்கொடு'வை பேஸ் கிளாஸிலிருந்து எடுத்துவிட வேண்டும். சிஎஸ்வி படிப்பான், எக்செல் படிப்பான், அகலம் வைத்துப் படிப்பான் என்று மூன்று தனி கிளாஸ்கள், மூன்றுக்கும் ஒரே இன்டர்ஃபேஸ் (எந்த மெத்தட்கள் இருக்கவேண்டும் என்ற ஒப்பந்தம்). வாசிப்பானின் கன்ஸ்ட்ரக்டருக்கு அதில் ஒன்றைக் கொடுக்கிறோம். பழையது முதலில் என்ற விதியும் இப்போது இடம் மாறும். அது வங்கியின் வழக்கம் என்பதால் படிப்பானிடம் போகாமல் வங்கிக்கான சப்கிளாஸிலேயே 'வரிசைப்படுத்து' என்ற சிறு மெத்தட்டாக நிற்கும். எதுவும் செய்யாமல் வரிகளைத் திருப்பித் தரும் பதிப்பை பேஸிலேயே வைக்கத் தோன்றும். அப்ஸ்ட்ராக்டாகவே விடுங்கள். புதிய வங்கியைச் சேர்ப்பவர் அதன் ஃபைல் எந்த வரிசையில் வருகிறது என்று திறந்து பார்த்துவிட்டுத்தான் அந்த ஒரு வரியை எழுத முடியும்.